இரண்டு நட்சத்திரங்களைக் காதலித்த பெண்

கிரெட்டா கார்போ! மார்லின் டீட்ரிச்!

1930-களில் உலகத்தையே மயக்கிய சினிமா நட்சத்திரங்கள் இவர்கள். கார்போ சுவீடன் நாட்டுக்காரர். டீட்ரிச் ஜெர்மனியில் பிறந்தவர். இருவரும் அமெரிக்காவுக்கு வந்து, ஹாலிவுட்டில் கொடி நாட்டினார்கள். இவர்களை ஒரு முறை நேரில் பார்த்துவிட மாட்டோமா என்று லட்சக்கணக்கான ரசிகர்கள் ஏங்கினார்கள்.

இந்த இருவரையும் காதலித்தவர் ஒருவர் உண்டு. அவர் கோடீசுவரர் அல்ல. கதாநாயகனும் அல்ல. அவர் ஒரு பெண்!

அவர் பெயர் மெர்சிடிஸ் டி அகோஸ்டா. கவிதையும் நாடகமும் எழுதியவர். ஒரு காதல் முறிந்த இடத்தில் இன்னொரு காதலைக் கண்டவர். மனம் அலைந்து களைத்தபோது, கடல் கடந்து நமது திருவண்ணாமலைக்கு வந்தவர்.

அவருடைய கதை இது.

எட்டாவது குழந்தை

மெர்சிடிஸ் 1890-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை கியூபாத் தீவில் பிறந்தவர். தாய் ஸ்பெயின் நாட்டவர். வசதியான கத்தோலிக்கக் குடும்பம். வீட்டில் எட்டுக் குழந்தைகள். மெர்சிடிஸ்தான் கடைக்குட்டி.

அவருடைய அக்காள் ரீட்டா பேரழகி. பெரிய ஓவியர்கள் எல்லாம் ரீட்டாவைப் படமாகத் தீட்டினார்கள்.

மெர்சிடிசின் குழந்தைப் பருவம் விசித்திரமானது. ஏழு வயது வரை தன்னை ஓர் ஆண் பிள்ளை என்றே அவர் நம்பினாராம். வீட்டில் அவரை ரஃபேல் என்று ஆண் பெயரால் அழைத்தார்களாம். உண்மை தெரிந்த நாளில் உள்ளம் உடைந்து போனதாகப் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்தார்.

வளர்ந்த பிறகு, பெண்களுக்கு ஓட்டு உரிமை வேண்டும் என்று போராடியவர்களுடன் சேர்ந்துகொண்டார். அமெரிக்கப் பெண்களுக்கு அந்த உரிமை 1920-ல் கிடைத்தது. அதே ஆண்டில் மெர்சிடிசுக்கும் திருமணம் நடந்தது. கணவர் ஆப்ராம் பூல் என்ற ஓவியர். ஆனால், மனைவி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. டி அகோஸ்டாவாகவே இருந்தார்.

கணவர் நல்லவர். சண்டை சச்சரவு இல்லை. ஆனால், மெர்சிடிசின் உள்ளம் நாடியது பெண்களை. 1935-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள்.

பெண்ணைப் பெண் காதலிப்பது அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய செய்தி அல்ல. மருத்துவர்கள் அதை நோய் என்றார்கள். மதத் தலைவர்கள் பாவம் என்றார்கள். சினிமா கம்பெனிகளோ, நடிகைகளின் சொந்த வாழ்க்கையில் எந்த வம்பும் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கின. விஷயம் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும்!

முதல் பிரிவு

நியூயார்க் நாடக மேடையில் அப்போது புகழ் பெற்று வந்தவர் ஈவா லெ கேலியன் என்ற இளம் நடிகை. மெர்சிடிசுக்கும் அவருக்கும் காதல் மலர்ந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அது நீடித்தது.

காதலிக்காக மெர்சிடிஸ் நாடகங்கள் எழுதினார். இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லியைப் பற்றி ஒன்று. பிரான்சு நாட்டு வீராங்கனை ஜோன் ஆப் ஆர்க்கைப் பற்றி இன்னொன்று. போட்டிசெல்லி நாடகம் 1923-ல் மேடை ஏறியது. ஜோன் நாடகம் 1925-ல் பாரிஸ் நகரில் நடந்தது. இரண்டிலும் கதாநாயகி ஈவாதான். இரண்டும் தோற்றன.

நாடகத்தோடு காதலும் தேய்ந்தது. ஈவா தன் வழியே போனார். 1926-ல் நியூயார்க்கில் சொந்தமாக ஒரு நாடகக் குழுவைத் தொடங்கி, பெரும் பெயர் பெற்றார்.

மெர்சிடிஸ் தனியாக நின்றார். 1929-ல் அக்காள் ரீட்டாவும் இறந்து போனார். துயரத்தின் மேல் துயரம்!

ஏரியில் ஆறு வாரம்

1931-ல் சினிமாவுக்குக் கதை எழுதும் வேலை கிடைத்தது. மெர்சிடிஸ் ஹாலிவுட்டுக்குப் போனார்.

சால்கா வியர்டல் என்ற பெண் எழுத்தாளரின் வீட்டில் ஒரு நாள் விருந்து. அங்கேதான் அவர் கிரெட்டா கார்போவைச் சந்தித்தார். மெர்சிடிசின் கையில் ஒரு வளையல் இருந்தது. கார்போ அதை வியந்து பார்த்தார். உடனே மெர்சிடிஸ் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்!

கார்போ ஸ்டாக்ஹோம் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பேசாத படங்களில் நடித்து உலகப் புகழ் பெற்றவர். ஆனால், கூட்டம் என்றால் அவருக்குப் பயம். பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஓடி ஒளிவார். யாரிடமும் மனம் திறந்து பேச மாட்டார்.

அப்படிப்பட்டவர் மெர்சிடிசுடன் பழகினார். அந்தக் கோடையில் இருவரும் மலைப் பகுதியில் உள்ள சில்வர் ஏரிக்குப் போனார்கள். ஏரியின் நடுவில் ஒரு சிறு தீவு. அதில் ஒரு மரக் குடில். கார்போ படகு வலித்தார். பக்கத்தில் வேறு மனித வாடையே இல்லை. ஆறு வாரங்கள் அங்கே தங்கியதாகவும், தன் வாழ்வில் அதைப் போன்ற இன்பம் வேறு இல்லை என்றும் மெர்சிடிஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஊர் திரும்பிய பிறகு, கார்போ பழைய கார்போ ஆனார். ஒரு நாள் வா என்பார். மறுநாள் கதவு மூடியிருக்கும். எப்போது பார்ப்பது, எப்போது பிரிவது என்பதை எல்லாம் கார்போவே முடிவு செய்தார். மெர்சிடிஸ் காத்திருந்தார்.

இருவரும் கால்சட்டை அணிந்து தெருவில் நடந்தபோது, பத்திரிகைகள் அதைப் படம் பிடித்துப் போட்டன. பெண்கள் கால்சட்டை போடுவதா என்று ஊரே வியந்தது!

1932-ல் கார்போவின் பட ஒப்பந்தம் முடிந்தது. அவர் பணம் போட்டிருந்த பாங்கியும் அந்த ஆண்டில் திவாலானது. ஜூலை மாத இறுதியில் கார்போ கப்பல் ஏறி சுவீடனுக்குப் போய்விட்டார். மெர்சிடிசை உடன் அழைத்துச் செல்லவில்லை.

பூக்கள் வந்தன

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நடன நிகழ்ச்சியில் மெர்சிடிசைப் பார்த்தார் மார்லின் டீட்ரிச். மறுநாளே வெள்ளை ரோஜாக்களோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்!

டீட்ரிச் கார்போவுக்கு நேர் எதிர். கார்போ ஒளிந்துகொள்வார். டீட்ரிச்சோ ஆண்களின் கோட்டு, தொப்பி அணிந்து நடுக் கூட்டத்தில் நடப்பார். திருமணமானவர். ஒரு பெண் குழந்தைக்குத் தாய். ஆனாலும் தன் காதல்களை அவர் பெரிதாக மறைத்ததில்லை.

மெர்சிடிஸ் மெலிந்து, முகம் வெளுத்து இருந்தார். அதைக் கண்ட டீட்ரிச், தானே சமைத்துப் போட முன்வந்தார். உலகம் புகழும் நட்சத்திரம் அடுப்படியில் நின்றார்!

அன்று தொடங்கிப் பூக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு நாளைக்கு ஒரு முறை அல்ல. இரண்டு முறை வந்த நாளும் உண்டு. வீட்டில் பூ வைக்க ஜாடி போதவில்லை. டீட்ரிச் ஜாடிகளையும் அனுப்பினார்! இனிப் பூக்கள் வேண்டாம் என்று மெர்சிடிஸ் கெஞ்ச வேண்டியதாயிற்று. அதன் பிறகு வேறு பரிசுகள் வந்தன.

கேட்காமலே கிடைத்த அன்பு இது. மெர்சிடிசின் முகத்தில் மீண்டும் ஒளி வந்தது. தந்திகள் பறந்தன. கடிதங்கள் குவிந்தன.

ஆனால், உள்ளம் என்பது வாடகை வீடு அல்லவே. ஒருவர் காலி செய்த மறுநாள் இன்னொருவர் முழுதாகக் குடி புகுந்துவிட முடியுமா? மெர்சிடிசின் உள்ளத்தில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. அதன் சாவி சுவீடனில் இருந்தது. அவருடைய பைபிளின் உள்ளட்டையில் கார்போவின் படங்கள் ஒட்டியிருந்தன.

டீட்ரிச் விவரம் அறியாதவர் அல்ல. தன்னிடம் பேசும்போதும் மெர்சிடிசின் நினைவு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். 1933-ன் வசந்த காலத்தில் கார்போ அமெரிக்கா திரும்பினார். அதே சமயத்தில் டீட்ரிச் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மெல்ல மெல்ல அந்தக் காதல் நட்பாக மாறியது.

கொடுத்தவர் போனார். கொடுக்காதவர் வந்தார். மெர்சிடிஸ் மறுபடியும் காத்திருக்கத் தொடங்கினார்.

கற்பனைப் பாத்திரங்கள்

காதலில் தடுமாறிய மெர்சிடிஸ், தொழிலில் பிடிவாதக்காரர்.

ரஷிய நாட்டுச் சாமியார் ரஸ்புடினைப் பற்றி அப்போது ஒரு படம் தயாரானது. அதற்குக் கதை எழுத மெர்சிடிசை நியமித்தார்கள். உயிரோடு இருந்த ஓர் இளவரசியைப் பற்றி, நடக்காத ஒரு சம்பவத்தைச் சேர்க்கும்படி பட அதிபர் சொன்னார். அது பொய், வழக்கு வரும் என்று மெர்சிடிஸ் மறுத்தார். வேலை போயிற்று!

அவர் சொன்னபடியே நடந்தது. இளவரசி லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1934-ல் அவருக்கு 25 ஆயிரம் பவுன் நஷ்டஈடு கிடைத்தது. படத்தில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்று திரையில் அறிவிப்பது அந்த வழக்குக்குப் பிறகுதான் பெரும் வழக்கமாயிற்று.

வேறு ஒரு மலை

மெர்சிடிஸ் இறைச்சி உண்ணாதவர். பிராணிகளிடம் இரக்கம் உள்ளவர். இந்தியத் தத்துவ நூல்களை ஆசையோடு படித்தவர். 1934-ல் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் இந்திய ஞானிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ரமண மகரிஷியைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்தது முதல் மெர்சிடிசுக்கு ஒரே எண்ணம். திருவண்ணாமலைக்குப் போக வேண்டும்!

1938-ல் அவர் இந்தியா வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

அந்த நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு மலை என்றால் நீலகிரிதான். கோடை வந்தால் கவர்னரே உதகமண்டலத்துக்குப் போய், அங்கிருந்து ஆட்சி நடத்துவார். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால் குன்னூர். அதற்கு மேலே உதகை. தேயிலைத் தோட்டம், பூந்தோட்டம், விருந்து, நடனம், குளிர்ந்த காற்று. எல்லாம் அங்கே உண்டு.

மெர்சிடிஸ் தேடி வந்த மலை அது அல்ல. பாறையும் வெயிலும் நிறைந்த அருணாசல மலை. பழந்தமிழ்ப் புலவர்கள் மலையைக் காதலர் கூடும் இடமாகப் பாடினார்கள். இந்த மலையோ எல்லாவற்றையும் துறந்தவர்கள் கூடும் இடம்!

மகரிஷி 1896-ல் மதுரையை விட்டு அங்கே வந்தவர். பிறகு அந்த ஊரை விட்டு அகலவே இல்லை. ஆசிரமத்தில் ஏழை, பணக்காரர் பேதம் கிடையாது. குரங்கும் மயிலும் தாராளமாக வந்து போகும். லட்சுமி என்ற பசு அங்கே செல்லப்பிள்ளை. கூடத்தில் மகரிஷி கோவணம் மட்டும் அணிந்து சாய்வுக் கட்டிலில் இருப்பார். பெரும்பாலும் மௌனம்தான். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மெர்சிடிசும் தரையில் உட்கார்ந்தார். சினிமா உலகத்தின் வெளிச்சத்தில் வாழ்ந்தவர் அவர். யார் முகத்தையாவது பார்த்து, அதில் தன் இன்பத்தைத் தேடியே பழகியவர். இங்கே அவருக்குக் கிடைத்த அறிவுரை வேறு விதமாக இருந்தது. யாரைப் பின்பற்றுவது என்று அவர் கேட்டார். வெளியே எங்கும் தேட வேண்டாம், தன்னையே நாடு என்று மகரிஷி சொன்னார். இதயம் மார்பின் வலப்புறத்தில் இருக்கிறது என்பது மகரிஷியின் போதனை. அவர் சொன்னது ரத்தத்தை ஓட்டும் இதயத்தை அல்ல. நான் யார் என்று விசாரித்தால் தட்டுப்படும் ஆன்ம இதயத்தை.

மெர்சிடிஸ் அங்கே தங்கியது மூன்றே நாட்கள். அந்த மூன்று நாட்களைக் கடைசி மூச்சு வரை அவர் மறக்கவில்லை.

அதற்காக அவர் துறவியாகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். ஊர் திரும்பினார். மீண்டும் காதலித்தார். சினிமா நடிகை ஓனா மன்சன் அவருக்கு உருக்கமான கடிதங்கள் எழுதினார். உலகப் போருக்குப் பிறகு, பாப்பி கர்க் என்ற பெண்ணோடு பாரிசில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் குடும்பமும் நிலைக்கவில்லை.

கார்போவோ 1941-ல், 36 வயதிலேயே நடிப்பை விட்டுவிட்டார். நியூயார்க்கில் ஒதுங்கி வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவே இல்லை.

உண்மையின் விலை

வயது ஏறியது. கையில் இருந்த பணம் கரைந்தது. மெர்சிடிசுக்கு மூளையில் கட்டி. அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை. நகைகளை விற்றார்.

இந்த நிலையில், 1960-ல் தன் சுயசரிதையை வெளியிட்டார். புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், இங்கே இருக்கிறது இதயம் என்று வரும். திருவண்ணாமலையில் கேட்ட போதனையை நினைவூட்டும் பெயர் அது. ஆங்கிலத்தில் அந்தச் சொற்றொடருக்கு இன்னொரு பொருளும் உண்டு. இன்னார் இங்கே உறங்குகிறார் என்று கல்லறைகளில் அப்படித்தான் பொறிப்பார்கள்!

புத்தகத்தை அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார்? கார்போவுக்கு அல்ல. டீட்ரிச்சுக்கும் அல்ல. ரமண மகரிஷிக்கு!

அந்தப் புத்தகத்தில் காதல் என்று பட்டவர்த்தனமாக அவர் எழுதவில்லை. ஆனால், படித்தவர்களுக்குப் புரிந்தது. ஈவா லெ கேலியன் கடும் கோபம் கொண்டார். கார்போ அடியோடு உறவை அறுத்துக்கொண்டார். தங்கள் ரகசியம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டதாகப் பழைய தோழிகள் எண்ணினார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. மறைத்து வாழ்ந்தவர்களுக்கு அது மானப் பிரச்சினை. மெர்சிடிசுக்கோ, தான் வாழ்ந்தது பொய் அல்ல என்று சொல்வதற்கு அது கடைசி வாய்ப்பு.

பணத்தட்டுப்பாட்டில் இருந்தபோதும், தனக்கு வந்த கடிதங்களை அவர் கடைத்தெருவில் ஏலம் போடவில்லை. எரிக்கவும் மனம் வரவில்லை. பிலடெல்பியா நகரில் உள்ள ரோசன்பாக் அருங்காட்சியகத்திடம் அவற்றை ஒப்படைத்தார். கார்போவின் கடிதங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. தானும் கார்போவும் இறந்து, பத்து ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அவற்றைப் பிரிக்க வேண்டும்!

1968 மே 9-ந் தேதி மெர்சிடிஸ் நியூயார்க்கில் காலமானார். தாயும் அக்காள் ரீட்டாவும் உறங்கும் இடத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

முத்திரை உடைந்தது

கார்போ 1990 ஏப்ரல் 15-ந் தேதி இறந்தார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, 2000-ம் ஆண்டு ஏப்ரலில் முத்திரையை உடைத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஆவலோடு காத்திருந்தன.

உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. உடம்புக்கு முடியவில்லை, களைப்பாக இருக்கிறது, வீடு பார்க்க வேண்டும் என்பது போன்ற சாதாரணச் செய்திகள். காதல் என்று அடித்துச் சொல்ல ஒரு வரி இல்லை!

சிலர் ஏமாந்தார்கள். மெர்சிடிஸ் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டார் என்று சிலர் சொன்னார்கள். ஆனால், கார்போவின் மனத்தில் இருந்ததை எந்தக் காகிதமும் முழுதாகச் சொல்லிவிடாது. மெர்சிடிசின் மனத்தில் இருந்ததற்கு வேறு சாட்சி தேவை இல்லை. களைப்பையும் காய்ச்சலையும் பற்றிய அந்தச் சாதாரணக் கடிதங்களை ஒன்றுவிடாமல் முப்பது ஆண்டுகள் காப்பாற்றி வைத்தாரே, அது போதும்.

காலமும் மாறியது. பெண்ணைப் பெண் விரும்புவதும் ஆணை ஆண் விரும்புவதும் நோய் அல்ல என்று, கார்போ மறைந்த அதே 1990-ல் உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. இந்தியாவில், வெள்ளைக்காரர் காலத்தில் வந்த 377-வது சட்டப் பிரிவு வயது வந்தவர்கள் மனம் ஒத்து வாழ்வதைக் குற்றமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், சேர்ந்து வாழ விரும்பிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த விஷயத்தைத் தானே புரிந்துகொள்வதற்காக மனநல ஆலோசகரிடம் பாடம் கேட்டார். பிறகு, இத்தகையவர்களை மாற்றுகிறோம் என்று சொல்லி யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று உத்தரவிட்டார்.

இப்படிச் சட்டத்தின் துணையோடு, ஒளிவு மறைவு இல்லாமல் காதலிக்கும் வாய்ப்பு மெர்சிடிசுக்குக் கிடைக்கவில்லை. காத்திருந்தபோது பூக்கள் வந்தன. பூக்கள் வந்தபோது மனம் வேறு இடத்தில் இருந்தது. அது சட்டம் செய்த குற்றம் அல்ல. எந்தக் காதலுக்கும் நேரக்கூடியது. ஆனால், அந்தத் துயரத்தை வாய்விட்டுச் சொல்லி அழக்கூட இடம் இல்லாமல் போனது அவர் வாழ்ந்த காலத்தின் குற்றம்.

கார்போவின் கடிதங்களும் டீட்ரிச்சின் தந்திகளும் இன்று பிலடெல்பியாவில் ஒரே கூரையின் கீழ், மெர்சிடிசின் பெயரில் இருக்கின்றன.